மாற்றியமைத்த கேம் கொன்சோலில் நெட் எடுக்கவில்லையா? வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னி வீடுகளில் இருக்கும் கேம் கொன்சோல்களில் நிறைய, பெட்டி உடைக்காமல் கடையில் வாங்கியவை அல்ல. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமா விடுமுறைக்கு வரும்போது தன் பிள்ளைகள் பாவித்ததைக் கொண்டு வந்திருப்பார். இல்லாவிட்டால் கொழும்பில் இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கும். பலது வரும்போதே மாற்றியமைக்கப்பட்டுத்தான், அதாவது நிறுவனத்தின் பூட்டைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றப்பட்டுத்தான், வருகிறது. யார் செய்தார்கள், உள்ளே என்னென்ன செட்டிங் போட்டார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விளையாட்டு ஓடும்வரை அது தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நெட்டோடு இணைக்கப் போகும்போதுதான் தலையிடி தொடங்கும்.

"அண்ணை, நெட் எடுக்குதில்லை" என்று கொண்டு வருகிற பெடியளிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எதோட இணைக்கப் பார்க்கிறாய்?" என்றுதான். வைஃபை பெயரே திரையில் வரவில்லையா, பெயர் வந்தும் பாஸ்வேர்டை ஏற்கவில்லையா, வைஃபை ஏறியும் இணையம் வரவில்லையா, இணையம் வந்தும் சோனி அல்லது நிண்டெண்டோ சேவைக்குள் போக முடியவில்லையா, அல்லது கொம்பியூட்டரிலிருந்து கொன்சோலுக்குக் கோப்பு அனுப்ப முடியவில்லையா? ஐந்தும் வேறு வேறு கோளாறு. நாலாவது பல நேரம் கோளாறே இல்லை. மாற்றியமைத்தவர் வேண்டுமென்றே பூட்டி வைத்த கதவு அது. தெரியாமல் அதைத் திறந்தால் கொன்சோலே கையை விட்டுப் போகலாம்.

அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். கிட்ட இருப்பதிலிருந்து தூர இருப்பதை நோக்கிப் போகிற வரிசை இது. பிஎஸ்3, பிஎஸ்4, நிண்டெண்டோ சுவிட்ச் மூன்றையும் வைத்தே எழுதுகிறேன். பிஎஸ்பி வைத்திருப்பவர்களுக்கும் இடையில் கொஞ்சம் உண்டு.

படி 1: "அப்டேட் செய்யவா?" என்று கேட்டால் கை வைக்காதீர்கள்

எதையும் சோதிக்க முன்னர் இது. நெட் ஏறிய உடனே திரையில் "சிஸ்டம் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்" என்று ஒரு செய்தி வரலாம். சேவைக்குள் போக முடியாததற்கு அதுதான் காரணம் போலவும் தெரியும். ஓம் என்று அழுத்தினால் என்ன நடக்கும் என்பது கொன்சோலைப் பொறுத்தது. பிஎஸ்3 இல் மாற்றியமைத்த மென்பொருள் போய், சோனியின் அசல் மென்பொருள் உட்காரும். பிஎஸ்4 இல் நிலைமை இன்னும் மோசம். பழைய பதிப்புக்குத் திரும்புவது சாதாரணமாக முடியாத காரியம். சுவிட்சில் மாற்றியமைக்கும் மென்பொருளான அட்மாஸ்பியர் அழியாது, ஆனால் புதிய பதிப்புக்கு ஏற்ற அட்மாஸ்பியரைப் போடும்வரை அது ஏறாமல் நிற்கலாம்.

பிஎஸ்3, பிஎஸ்4 இரண்டிலும் செட்டிங்ஸுக்குள் போய்த் தானாக அப்டேட் இறக்கும் வசதியை நிறுத்தி விடுங்கள். சுவிட்சில் சிஸ்டம் அப்டேட்டை அப்படி நிறுத்த முடியாது, அதற்குப் படி 7 இல் சொல்லும் பூட்டுத்தான் வழி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். பெரிய பொத்தான் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர்கள் அழுத்துவார்கள்.

படி 2: சோதனைத் திரையை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்

பிஎஸ்3, பிஎஸ்4 இரண்டிலும் நெட்வேர்க் செட்டிங்ஸுக்குள் இணையச் சோதனை இருக்கிறது. அது வரி வரியாக முடிவு சொல்லும்: ஐபி முகவரி கிடைத்ததா, இணையம் கிடைத்ததா, பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் உள்நுழைய முடிந்ததா, நாட் வகை (மற்ற விளையாட்டுக்காரரோடு நேரடியாக இணைய ரவுட்டர் எவ்வளவு வழி விடுகிறது) என்ன, வேகம் எவ்வளவு. எந்த வரியில் முதன்முதலாகத் தோல்வி வருகிறதோ அங்கேதான் கோளாறு. அதற்குக் கீழே வருகிற தோல்விகளெல்லாம் அதன் பின்விளைவு.

ஐபி முகவரி வரியே தோற்றால் வைஃபை, வயர், ரவுட்டர் பக்கம் பாருங்கள். ஐபி கிடைத்து இணைய வரி தோற்றால் டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை), டேட்டா, சிக்னல். முதல் இரண்டும் சரியாகி மூன்றாவது மட்டும் தோற்றால், மாற்றியமைத்த கொன்சோலைப் பொறுத்தவரை அது எதிர்பார்த்த முடிவுதான். ஹோம்பிரூ எனப்படும் ஆர்வலர்கள் எழுதிய நிரல்களை இறக்கவோ கோப்பு அனுப்பவோ பிளேஸ்டேஷன் நெட்வேர்க் தேவையே இல்லை. அத்தோடு விட்டுவிடலாம்.

சுவிட்ச் இவ்வளவு விளக்கமாகச் சொல்லாது. ஒரு பிழை எண்ணைத்தான் போடும். 2110 என்று தொடங்குபவை பெரும்பாலும் இணைப்புக் கோளாறுகள். அதில் 2110-3127 வந்தால் டிஎன்எஸ் பெயரைத் தேடிக் கொடுக்கவில்லை என்று பொருள். பிஎஸ்3 இல் 80710102 என்பதும் அதே வகை. 2124-4007 வந்தால் அந்தச் சுவிட்சையே நிண்டெண்டோ தடை செய்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். "ஏதோ 80 இல் தொடங்கினது" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது.

படி 3: போனை வைத்துப் பிரித்துப் பாருங்கள்

இந்த ஒரு படியிலேயே பாதிச் சந்தேகம் தீரும். காசும் செலவாகாது.

முதலில் கொன்சோல் இருக்கிற அதே இடத்தில் போனை வையுங்கள். மொபைல் டேட்டாவை நிறுத்தி, வீட்டு வைஃபையில் மட்டும் ஏற்றுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனிலும் வரவில்லை என்றால் கொன்சோல் மேல் பழி போட வேண்டாம். கோளாறு ரவுட்டரிலோ டவரிலோ பாக்கேஜிலோ இருக்கிறது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு "போனில வருது" என்று சொல்பவர்கள் உண்டு. கொன்சோல் அறைக்குள் ரிவிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, கொன்சோலை அதில் ஏற்றுங்கள். பழைய இணைப்பில் டிஎன்எஸ் எண்கள் இருந்தால் அவற்றையே இதிலும் போடுங்கள், காரணம் படி 7 இல். ஏறினால் கொன்சோலின் வைஃபை நன்றாக இருக்கிறது, வீட்டு ரவுட்டர் செட்டிங்கில்தான் பிசகு. ஏறாவிட்டால் கொன்சோலுக்குள்ளே தேடலாம். ஹொட்ஸ்பொட்டை 2.4 கிகாஹேர்ட்ஸில் வைக்க மறக்க வேண்டாம். அண்ட்ரொய்ட் போனில் ஹொட்ஸ்பொட் செட்டிங்கிலேயே பாண்ட் தெரிவு இருக்கும். புதிய ஐபோனில் 'மாக்சிமைஸ் கொம்பாட்டிபிலிட்டி' என்பதை ஓன் செய்ய வேண்டும்.

படி 4: வைஃபை

பிஎஸ்3 இன் வைஃபை 802.11பி/ஜி வகை. 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் அதற்குத் தெரியும். 2013 இல் வந்த முதல் வடிவ பிஎஸ்4 உம் அப்படித்தான், 5 கிகாஹேர்ட்ஸ் அதற்கும் இல்லை. பிறகு வந்த ஸ்லிம், புரோ இரண்டிலும் 5 உண்டு, சுவிட்சிலும் உண்டு. ஆகவே ரவுட்டரில் 5 மட்டும் ஓன் ஆகியிருந்தால் பிஎஸ்3 இல் உங்கள் வீட்டுப் பெயரே வராது. பக்கத்து வீட்டுப் பெயர் மட்டும் வரும். ரவுட்டர் இரண்டு பாண்டையும் ஒரே பெயரில் அனுப்பினாலும் சில கொன்சோல்கள் தடுமாறும். 2.4 க்குத் தனிப் பெயர் வைத்து விட்டால் குழப்பம் இல்லை.

அடுத்தது பாதுகாப்பு வகை. புதிய ரவுட்டர்கள் சில டபிள்யூபிஏ3 இல் வருகின்றன. பிஎஸ்3 க்கு அது விளங்காது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் ஏற்காது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். அலைவரிசையைத் தானாகத் தெரிவு செய்ய விடாமல் 1, 6, 11 இல் ஒன்றை வையுங்கள். 12, 13 ஐச் சில நாட்டுக் கொன்சோல்கள் காணாது, வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் இது நடக்கும்.

பிஎஸ்பி தனிக் கதை. அது 802.11பி மட்டும், அசல் மென்பொருளில் டபிள்யூபிஏ2 இல்லை. இன்றைய ரவுட்டரை அதற்காகப் பழைய பாதுகாப்புக்கு இறக்கினால் முழு வீட்டு நெட்டும் பலவீனப்படும். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். இரண்டு பிஎஸ்பி ஒன்றோடொன்று விளையாட ரவுட்டரே வேண்டாம். அட்ஹொக் முறையில் இரண்டிலும் ஒரே அலைவரிசை எண்ணை வைத்து, வைஃபை சுவிட்சை ஓன் செய்தால் போதும். இரண்டு நிண்டெண்டோ சுவிட்ச்களும் ரவுட்டர் இல்லாமல் அப்படி விளையாடும். சிக்னல் இல்லாத ஊருக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் கம்பி இணைப்பு இல்லை, 4ஜி ரவுட்டர்தான். ஏ9 வீதியோரம், கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா நகரங்களுக்குள் கவலை குறைவு. உள்ளே போகப் போகத்தான் டவர் தூரமாகும். டவர் இருக்கிற பக்கத்து யன்னலில் ரவுட்டரை வைத்தால் 4ஜி நன்றாக எடுக்கும், ஆனால் கொன்சோல் மறுபக்க அறையில் இருக்கும். இடையில் வீட்டுத் திட்ட வீட்டின் கற்சுவர் இரண்டு, சில வீடுகளில் தகரத் தடுப்பு. தகரம் வைஃபையை நன்றாக மறைக்கும். ரவுட்டரை யன்னலிலேயே விட்டு, அங்கிருந்து நீளமான லான் வயர் இழுப்பதுதான் நல்ல தீர்வு. பிஎஸ்3, பிஎஸ்4 இரண்டிலும் லான் துளை இருக்கிறது. சுவிட்ச் என்றால் ஓலெட் வகையின் டொக்கில் துளை உண்டு. முதல் வகைக்கு டொக்கின் யுஎஸ்பியில் செருகும் லான் அடாப்டர் வேண்டும்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் சிக்னல் அளவு எண்ணாகவே தெரியும். முகவரி பெரும்பாலும் 192.168.8.1, 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருப்பார்கள். அதில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் மைனஸ் 90 ஐ விட மேலாக இருந்தால் நல்லது. மைனஸ் 105 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110 க்குக் கீழே போனால் கொன்சோலில் எதை மாற்றியும் பயன் இல்லை, ரவுட்டரை நகர்த்துங்கள். வெளியே கம்பத்தில் அன்ரெனா கட்டியவர்கள் சோழகக் காற்றுக் காலத்தில் அது திரும்பி விட்டதா என்றும் ஒருக்கால் பாருங்கள்.

படி 5: திகதி, நேரம்

சின்ன விஷயம்போல் தெரியும். கரண்ட் அடிக்கடி போகும் இடங்களில் இது பெரிய விஷயம். பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றும் சான்றிதழின் திகதியைப் பார்க்கும். கொன்சோலின் மணிக்கூடு பல வருடம் பின்னால் போயிருந்தால் எல்லாச் சான்றிதழும் செல்லாது என்று சொல்லி இணைப்பை வெட்டிவிடும். வைஃபை நன்றாக இருக்கும், ஐபி இருக்கும், ஆனால் எதுவும் திறக்காது.

பிஎஸ்3 க்குள் சிஆர்2032 என்ற சின்ன வட்டப் பற்றரி ஒன்று இருக்கிறது. அது செத்துவிட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் திகதி பழையதுக்குப் போகும். திகதியைக் கையால் சரி செய்யுங்கள், நேர வலயத்தை +5:30 இல் வையுங்கள். அடுத்த கரண்ட் வெட்டுக்குப் பிறகும் திரும்பப் போனால் பற்றரியை மாற்ற வேண்டியதுதான். பற்றரி மலிவு. கழற்றிப் பூட்டும் வேலைக்குத்தான் பழகிய கை வேண்டும்.

கரண்டோடு இன்னொன்று. கரண்ட் வந்தவுடன் ரவுட்டரும் கொன்சோலும் ஒன்றாக எழும்பும். 4ஜி ரவுட்டர் டவரில் பதிந்து நெட் கொடுக்க இரண்டொரு நிமிடம் எடுக்கும், கொன்சோல் அதற்கு முன்பே தேடிப் பார்த்துத் தோற்றுவிடும். ரவுட்டர் விளக்கு நிலையாக எரிந்த பிறகு கொன்சோலைப் போடுங்கள். ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வாங்கினால் இந்தத் தொல்லையே இருக்காது.

படி 6: முந்திய உரிமையாளரின் மிச்சங்கள்

கைமாறி வந்த கொன்சோலில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பழைய வீட்டில் அவர் நிலையான ஐபி போட்டு வைத்திருப்பார். உதாரணமாக 192.168.0.50, கேட்வே (ரவுட்டரின் முகவரி) 192.168.0.1. உங்கள் ரவுட்டர் 192.168.8.1 இல் இருக்கிறது. இரண்டும் பேசவே முடியாது. பழைய இணைப்பைத் திருத்திக்கொண்டிருக்காமல், புதிதாக ஒன்றை அமையுங்கள்: ஐபி தானாக, புரொக்ஸி பாவிக்காதே, எம்டியு தானாக. புரொக்ஸியை மறக்க வேண்டாம். வெளிநாட்டில் கொம்பியூட்டர் வழியாக இறக்கப் பழகியவர்கள் அதை ஓனில் விட்டிருப்பார்கள். டிஎன்எஸ்ஸை மட்டும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். பழைய இணைப்பில் இருக்கும் எண்களை முதலில் எழுதி வைத்து, புதியதிலும் அவற்றையே போடுங்கள்.

பிஎஸ்4 இல் ஒரு விசேஷ மிச்சம் உண்டு. 2024 மே மாதத்தில் பிபிபிஓன் என்ற வழி வெளிவந்தது. லான் வயர் வழியாக, பிபிபிஓஇ என்ற, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஏறும் இணைப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 11.00 வரையான பதிப்புகளைத் திறக்கும் முறை அது. அப்படித் திறந்த பிஎஸ்4 இல் லான் இணைப்பு பிபிபிஓஇ வகையாகவே இருக்கும். அந்த வயரைச் சாதாரண ரவுட்டரில் செருகினால் கொன்சோல் தன்னைத் திறக்கப் பாவித்த சின்னக் கருவியைத் தேடும், ரவுட்டர் பதில் சொல்லாது. அந்தக் கருவி உங்களிடம் இருந்தால் லானை அதற்கே விட்டுவிட்டு, இணையத்துக்கு வைஃபையில் ஏறுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் ஒரு தாளில் இருக்கட்டும், திரும்பப் போட வேண்டி வரும்.

சுவிட்சில் எமுஎம்எம்சி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அது உள்நினைவகத்தின் தனிப் பிரதி. உண்மையான பக்கத்தில் நீங்கள் சேர்த்த வைஃபை, எமுஎம்எம்சி பக்கத்தில் இருக்காது. "நேற்றுச் சேர்த்தேன், இன்றைக்குக் காணவில்லை" என்றால் நீங்கள் மற்றப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

படி 7: டிஎன்எஸ்

மாற்றியமைத்த கொன்சோலின் நெட் பிரச்சினைகளில் உயிர்நாடி இதுதான். ஆறுதலாகப் படியுங்கள்.

கொன்சோல் ஒரு சேவையின் பெயரைக் கேட்கும், டிஎன்எஸ் அதன் ஐபி எண்ணைச் சொல்லும். மாற்றியமைப்பவர்கள் இங்கேதான் பூட்டுப் போடுகிறார்கள். சோனி அல்லது நிண்டெண்டோவின் பெயர்களைக் கேட்டால் பொய் எண் சொல்லும், மற்றப் பெயர்களுக்கு உண்மை சொல்லும் டிஎன்எஸ் ஒன்றைக் கொன்சோலில் எழுதி விடுவார்கள். அப்டேட் இறங்காது, கொன்சோலின் விபரங்கள் நிறுவனத்துக்குப் போகாது. நல்ல ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், அந்த டிஎன்எஸ்கள் நிறைய வெளிநாட்டில் யாரோ ஆர்வலர் இலவசமாக நடத்துபவை. ஒரு நாள் அவருடைய கணினி நின்றுவிட்டால் உங்கள் கொன்சோலுக்கு உலகமே இருண்டு போகும். ஐபி கிடைக்கும், இணைய வரி தோற்கும். போனில் எல்லாம் நன்றாக ஓடும். இந்த மூன்று அடையாளமும் சேர்ந்து இருந்தால் டிஎன்எஸ்தான்.

இப்போது பலர் செய்வது, டிஎன்எஸ்ஸைத் தானாக அல்லது 8.8.8.8 என்று மாற்றுவது. உடனே நெட் வரும். பூட்டும் திறக்கும். பிஎஸ்3, பிஎஸ்4 இல் அடுத்த நிமிடமே அப்டேட் செய்தி வரலாம். படி 1 ஐச் செய்து முடித்திருந்தால், சோதனைக்காகச் சில நிமிடம் மாற்றிப் பார்த்துத் திரும்ப வைக்கலாம், அதுவும் கணக்கில் உள்நுழையாமல். சுவிட்சில் சோதனைக்குக்கூட நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இணைந்த உடனேயே அது நிண்டெண்டோவோடு பேசத் தொடங்கிவிடும்.

சுவிட்சுக்கு நல்ல வழி அட்மாஸ்பியருக்குள்ளேயே இருக்கிறது. மெமரி கார்டில் அட்மாஸ்பியர் ஃபோல்டருக்குள் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபோல்டர் வைத்து, அதற்குள் ஒரு எழுத்துக் கோப்பில் எந்தப் பெயர் எங்கே போக வேண்டும் என்று எழுதலாம். கொன்சோலே தன் பூட்டைத் தன்னிடம் வைத்திருக்கும், வெளிநாட்டுக் கணினியை நம்பத் தேவையில்லை. கோப்பு சரியாக ஏறியதா என்று பார்க்க, லொக்ஸ் ஃபோல்டருக்குள் டிஎன்எஸ் மிட்ம் தொடக்கப் பதிவுக் கோப்பை (dns_mitm_startup.log) திறங்கள். நீங்கள் எழுதிய வரிகள் அதில் இல்லையென்றால் ஃபோல்டர் பெயரோ கோப்புப் பெயரோ பிழை.

இதில் ஒரு நுணுக்கம். சுவிட்ச் வைஃபையில் ஏறியதும் நிண்டெண்டோவின் சோதனை முகவரி ஒன்றைத் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் "இணையம் இல்லை" என்று முடிவு செய்து இணைப்பை விட்டுவிடும். எல்லா நிண்டெண்டோ பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு பூட்டினால் அந்தச் சோதனைப் பெயரும் பூட்டப்படும், பிறகு ஹோம்பிரூவுக்கும் நெட் இல்லை. அதனால்தான் நல்ல ஹோஸ்ட்ஸ் கோப்புகளில் சோதனைப் பெயர்களுக்கு மட்டும் தனியாக, பதில் சொல்லும் வேறொரு எண் கொடுக்கப்பட்டிருக்கும். பழைய கோப்பு வைத்திருப்பவர்களுக்கு நெட் திடீரென்று நின்றால் அந்த வரிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிஎஸ்3 இல் வெப்மேன் மொட் என்ற துணை நிரலை வைத்திருப்பவர்கள் அதன் செட்டப் பக்கத்தையும் பாருங்கள். பிளேஸ்டேஷன் நெட்வேர்க் சேவையகங்களை மறிக்கும் தெரிவு அங்கே இருக்கிறது. முந்தியவர் அதை ஓன் செய்திருந்தால் டிஎன்எஸ்ஸை எத்தனை தரம் மாற்றினாலும் உள்நுழைவு வரி தோற்றுக்கொண்டே இருக்கும்.

பிஎஸ்3 இன் பிரவுசரை வைத்து நெட்டைச் சோதிக்க வேண்டாம். அது மிகப் பழையது. இன்றைய பாதுகாப்பான தளங்கள் நிறைய அதில் திறக்காது. நெட் வேலை செய்யும்போதும் அப்படித்தான்.

படி 8: 4ஜியின் சொந்தக் குணங்கள்

டேட்டா முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பகலுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று பிரித்த பாக்கேஜில் பகல் பங்கு முடிந்தால் வைஃபை அடையாளம் அப்படியே நிற்கும், வேகம் மட்டும் ஒன்றுமில்லாமல் போகும். போனில் மெசேஜ் வந்துகொண்டுதான் இருக்கும். கொன்சோலின் சோதனை பொறுமையில்லாமல் தோற்கும்.

சோதனை எல்லாம் வெற்றி, ஆனால் இறக்கம் பாதியில் நிற்கிறது என்றால் எம்டியுவைச் சந்தேகியுங்கள். ஒரு பொதியில் எத்தனை பைட் போகலாம் என்ற அளவு அது. சாதாரணமாக 1500. 4ஜி வழியில் பெரிய பொதிகள் இடையில் சிக்கலாம். பிஎஸ்3, பிஎஸ்4 இல் கையால் 1400 போட்டுப் பாருங்கள். சுவிட்ச் வரும்போதே 1400 தான்.

நண்பர்களோடு விளையாடும்போது "நாட் வகை 3" அல்லது சுவிட்சில் "நாட் டி" என்று வந்தால் யூடியூபில் எல்லாரும் போர்ட் ஃபோர்வேர்டிங் செய்யச் சொல்வார்கள். செய்ய முன்னர் ரவுட்டர் பக்கத்தில் வெளிப்புற ஐபியைப் பாருங்கள். அது 10 இல் தொடங்கினால், அல்லது 100.64 முதல் 100.127 வரையான வட்டத்துக்குள் இருந்தால், தொலைபேசி நிறுவனம் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ஊருக்கெல்லாம் ஒரே தபால் பெட்டி மாதிரி. உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியே இருந்து யாரும் வர முடியாது. பொது ஐபி தர முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்கலாம், ஃபைபர் வரும் இடமென்றால் அதற்கு மாறலாம். இரண்டும் இல்லையென்றால் அந்தப் போர்ட் வேலையில் நேரத்தைக் கரைக்காதீர்கள்.

படி 9: வீட்டுக்குள்ளே கோப்பு அனுப்புவது

பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். இதற்கு இணையமே வேண்டாம். டேட்டா முடிந்த ரவுட்டரும் போதும்.

கொன்சோலின் ஐபியையும் சரியான போர்ட் எண்ணையும் கொம்பியூட்டரின் எஃப்டிபி நிரலில் (நெட்வேர்க் வழியாகக் கோப்பு அனுப்பும் நிரல்) கொடுக்க வேண்டும். பிஎஸ்3 இல் வெப்மேன் மொட் 21 இல் கேட்கும். பிஎஸ்4 இல் மாற்றியமைப்பு நிரலான கோல்ட்ஹென் 2121. சுவிட்சின் எஃப்டிபிடி 5000. போர்ட்டைக் கொடுக்காமல் விட்டால் நிரல் 21 ஐத்தான் தட்டும், பிஎஸ்4 உம் சுவிட்சும் மௌனமாக இருக்கும். கோல்ட்ஹென், பிஎஸ்3 இல் அதே வகை நிரலான ஹென் இரண்டும் கொன்சோலை முழுதாக நிறுத்திப் போட்டதும் திரும்ப ஏற்றப்பட வேண்டியவை. ஏற்றாமல் எஃப்டிபி தேடினால் கிடைக்காது.

இன்னும் வராவிட்டால் மூன்று இடம். ரவுட்டரில் கொன்சோல் விருந்தினர் வைஃபையில் ஏறியிருக்கிறதா? அதில் இருப்பவை ஒன்றையொன்று காணாதபடி ரவுட்டர் பிரித்து வைக்கும். கொம்பியூட்டரின் விண்டோஸ் அந்த வைஃபையைப் பொது நெட்வேர்க் என்று எடுத்துக்கொண்டு மறிக்கிறதா? கொன்சோலின் ஐபி நேற்றையதிலிருந்து மாறிவிட்டதா? கடைசியதற்கு, ரவுட்டரில் கொன்சோலின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கி வைத்தால் இனி மாறாது.

பெரிய கோப்பு இடையில் அறுந்தால் எஃப்டிபி நிரலில் ஒரே நேரத்தில் ஒரு இணைப்பு மட்டும் என்று வையுங்கள். சுவிட்ச் தூங்கப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், தூங்கினால் இணைப்புப் போய்விடும். பிஎஸ்3 இன் வைஃபையில் பெரிய கோப்பு அனுப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. லான் வயரைச் செருகுங்கள்.

படி 10: உங்கள் கையில் இல்லாதவை

சில சேவைகள் நிரந்தரமாக மூடப்பட்டு விட்டன. வீ, டிஎஸ் இரண்டுக்குமான நிண்டெண்டோவின் இணைய விளையாட்டு 2014 மே மாதத்தோடு நின்றது. 3டிஎஸ், வீ யு இரண்டுக்கும் 2024 ஏப்ரல். எக்ஸ்பொக்ஸ் 360 இன் கடை 2024 ஜூலையில் மூடியது. இவற்றில் வரும் பிழைக்கு வீட்டில் மருந்து இல்லை. வீயில் மரியோ கார்ட்டுக்கு வீம்ஃபி, 3டிஎஸ்ஸுக்கும் வீ யுவுக்கும் பிரெடெண்டோ என்று ஆர்வலர்கள் நடத்தும் மாற்றுச் சேவையகங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் மாற்றியமைத்த கொன்சோல்தான் அங்கே போகும்.

2124-4007 க்கு வருவோம். அது சுவிட்சின் மீது நிண்டெண்டோ போட்ட தடை. ரவுட்டரை மாற்றினாலோ சிம்மை மாற்றினாலோ போகாது. பாவித்த சுவிட்ச் வாங்கும்போது விற்பவர் முன்னாலேயே இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "தடையை நீக்கித் தருவேன்" என்று வேறொரு கொன்சோலின் அடையாள எண்ணை விற்பவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம். அது இன்னொருவரின் கொன்சோலிலிருந்து எடுத்தது. நாளைக்கு அதுவும் தடைப்படும், உங்கள் காசு திரும்பாது. தடைப்பட்ட சுவிட்சிலும் வீட்டுக்குள் எஃப்டிபி, அருகருகே இருந்து விளையாடுவது இரண்டும் நடக்கும்.

இவ்வளவும் பார்த்து இன்னும் தீராமல் கடைக்குக் கொண்டு போவதென்றால் ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொண்டு போங்கள்: கொன்சோலின் மாதிரி எண், சிஸ்டம் மென்பொருளின் பதிப்பு, எந்த மாற்றியமைப்பு, சோதனை எந்த வரியில் தோற்றது, பிழை எண், போன் ஹொட்ஸ்பொட்டில் ஏறியதா, பழைய டிஎன்எஸ் எண்கள். சுவிட்ச் என்றால் மெமரி கார்டை முதலில் கொம்பியூட்டரில் பிரதி எடுத்து வையுங்கள். கடைக்காரரிடம் கொன்சோலைக் கொடுக்கும்போது, அப்டேட் செய்ய வேண்டாம், ஃபெக்டரி ரீசெட் போட வேண்டாம் என்று பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.